கேள்வி நேரம்: சின்க்ரோட்ரான் படிகவியலருக்கு ஒரு பாராட்டு மடல்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியவை. புரதப் படிகங்களோடும் எக்ஸ்கதிர்களோடும் வாழ்ந்த ஒருவர் பணியிலிருந்து விடைபெறும்போது அவரை எப்படிப் பாராட்டுவது, அவர் செய்ததை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது, அவர் விட்டுச் செல்வதை எப்படிக் காப்பது என்பவையே அந்தக் கேள்விகள். அவற்றைச் சேர்த்து இங்கே தருகிறோம். சின்க்ரோட்ரான் என்பது எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு மிகச் செறிந்த எக்ஸ்கதிரைத் தரும் பெரிய நிலையம். அந்தக் கதிரைப் புரதப் படிகத்தின் மீது செலுத்தி, புரதத்தின் அணுக்கள் அமைந்திருக்கும் கட்டமைப்பைக் கண்டறிவதே இந்தப் படிகவியலரின் வேலை.

எங்கள் துறையின் மூத்த பேராசிரியை ஓய்வு பெறுகிறார். படிகங்களோடு சின்க்ரோட்ரான்களுக்குப் போய்வந்ததிலேயே அவரது ஆராய்ச்சி வாழ்க்கை கழிந்தது. பாராட்டு மடல் எழுதும் பொறுப்பு எனக்கு. ‘அரும்பணி’, ‘அயராத உழைப்பு’ என்பவற்றைத் தாண்டி எழுத வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
— ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பிடிபியிலிருந்து தொடங்குங்கள். புரதத் தரவு வங்கியான பிடிபி 1971-இல் ஏழே கட்டமைப்புகளோடு தொடங்கியது. இன்று உங்கள் பேராசிரியை கண்டறிந்து வெளியிட்ட ஒவ்வொரு கட்டமைப்பும் அதில் நான்கு எழுத்துக் குறியீட்டோடு இருக்கும். அந்தக் கோப்பைப் பழைய பிடிபி வடிவில் இறக்கி, சாதாரண உரைத் திருத்தியில் திறந்து, ‘ரிமார்க் 200’ என்று தொடங்கும் வரிகளுக்கு வாருங்கள். தரவு எடுத்த தேதி, வெப்பநிலை, பயன்படுத்திய படிகங்களின் எண்ணிக்கை, சின்க்ரோட்ரானா இல்லையா, எந்த நிலையம், எந்த பீம்லைன் (வளையத்திலிருந்து எக்ஸ்கதிர் வந்துசேரும் ஆய்வு இடம்), என்ன அலைநீளம், எந்த டிடெக்டர் (எக்ஸ்கதிரைப் பதியும் கருவி) என்று வரிசையாக இருக்கும். ‘ரிமார்க் 280’ படிகம் வளர்ந்த கரைசலைச் சொல்லும்.

ஒருவரின் எல்லாப் பதிவுகளிலிருந்தும் இந்த வரிகளை மட்டும் எடுத்துத் தேதிவாரியாக ஓர் அட்டவணையில் அடுக்கிப் பாருங்கள். நீண்ட காலம் இத்துறையில் இருந்தவர் என்றால் தொழில்நுட்பத்தின் வரலாறே அதில் இறங்கி வரும். தொடக்கப் பதிவுகளில் வெப்பநிலை 290 கெல்வினுக்கு மேல், அதாவது அறை வெப்பநிலையாக இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு பதிவிலிருந்து 100 ஆகிவிடும்; படிகத்தை உறையவைத்துத் தரவு எடுக்கத் தொடங்கியதன் அடையாளம் அது. டிடெக்டர் என்ற இடத்தில் இமேஜ் பிளேட் வரும், பிறகு சிசிடி, பிறகு பிலாட்டஸ், ஐகர். அலைநீளம் 1.5418 ஆங்ஸ்ட்ராமாக இருந்தால் அது ஆய்வகத்துச் செப்புக் குழாயில் எடுத்தது. 0.979 என்று வந்தால், புரதத்தில் செலினியத்தைப் புகுத்தி, கட்டச் சிக்கலை (டிடெக்டரில் பதியாத அலைக்கட்டத்தைக் கண்டுபிடிக்கும் சிக்கலை) அவிழ்த்திருக்கலாம். மடலில் எழுத வேண்டிய ஆண்டுகளும் ஊர்களும் இந்த அட்டவணையிலிருந்தே கிடைக்கும்.

மூன்று எச்சரிக்கைகள். பெயர்த் தேடல் நம்மவர்களிடம் அடிக்கடி சறுக்கும். பிடிபி குடும்பப் பெயரை முதலிலும் தலைப்பெழுத்தைப் பிறகும் வைக்கிறது. நம் வழக்கத்தில் தலைப்பெழுத்து தந்தையின் பெயர் என்பதால், ஒரே ஆள் இரண்டு மூன்று வடிவங்களில் பதிவாகியிருப்பார். ஆகவே எல்லா வடிவங்களிலும் தேடுங்கள். பதிவாசிரியர், கட்டுரையாசிரியர் என்ற இரண்டு தேடலையும் தனித்தனியே செய்யுங்கள். இரண்டாவது, பழைய பதிவுகளில் பல வரிகள் ‘நல்’ (NULL) என்று வெறுமையாகவே இருக்கும். அதை நிரப்பக் கட்டுரையின் செய்முறைப் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். அதைவிட எளிது, அவரையே கேட்பது. மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. பதிவுகளின் எண்ணிக்கையைப் பெருமையாக எழுதாதீர்கள். இன்று ஒரே புரதத்தோடு சிறு மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஊறவைத்து நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒரே தொகுதியாக ஏற்ற முடியும். எண்பதுகளில் ஒரு கட்டமைப்புக்கு ஒரு முனைவர் பட்டக் காலம் முழுவதும் போனது உண்டு. இவ்விரண்டையும் ஒரே எண்ணில் அளப்பது அநியாயம்.

விஞ்ஞானியின் வாழ்க்கையை நான்கைந்து வரியில் சுருக்குவதற்கு ஒரு முன்மாதிரி காட்ட முடியுமா? தெரிந்த ஒருவரை வைத்துச் சொன்னால் நல்லது.
— வாசகர், நாகர்கோவில்

ஆக்ஸ்ஃபோர்டின் எல்ஸ்பெத் கார்மனை எடுத்துக்கொள்வோம். அவரைப் பற்றி இப்படி எழுதலாம்:

‘அணுக்கரு இயற்பியலில் பயின்று, 1987-இல் புரதப் படிகவியலுக்கு வந்தவர். படிகத்தை 100 கெல்வினில் உறையவைத்துத் தரவு எடுக்கும் முறையைத் தாமஸ் ஷ்னைடரோடு சேர்ந்து 1997-இல் விரிவான கட்டுரையாகத் தொகுத்தவர். ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் அதைப் பார்த்தே கற்றார்கள். ராபின் ஓவன், என்ரிக்கே ருடின்யோ-பினேரா ஆகியோரோடு 2006-இல், உறைந்த புரதப் படிகம் ஏற்கத்தக்க கதிர்வீச்சின் வரம்பு 30 மெகாகிரே என்று அளந்து காட்டியவர். படிகம் எவ்வளவு கதிர்வீச்சை வாங்கியது என்று கணக்கிடும் ராட்டோஸ் மென்பொருளின் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். புரோட்டான் கற்றையால் புரதத்திலுள்ள உலோகங்களை அடையாளம் காணும் முறையைக் கட்டமைப்பு உயிரியலுக்குள் கொண்டுவந்தவர்.’

இதில் ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான வாக்கியங்களில் மற்றவர்கள் இன்றும் கையில் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு பொருள் இருக்கிறது: ஒரு செய்முறை, ஓர் எண், ஒரு மென்பொருள், ஓர் அளவீட்டு முறை. சின்க்ரோட்ரான் படிகவியலில் இப்படிப்பட்ட பங்களிப்பே அதிகம். கட்டமைப்பைக் கண்டவரின் பெயர் செய்தித்தாளில் வரும். லூப்பையும் (படிகத்தை ஏந்தும் சிறு வளையம்) டிடெக்டரையும் கணக்கீட்டையும் செம்மைப்படுத்தியவரின் பெயர் வராது. பாராட்டு மடலாவது அதைச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் விஞ்ஞானி உலகறிந்தவராக இல்லாவிட்டாலும் இதே அளவுகோலை வைத்துத் தேடுங்கள். ஒரு புரதத்துக்கு உகந்த உறைகரைசலை (உறையும்போது பனி கட்டாமல் படிகத்தைக் காக்கும் கரைசலை) அவர் கண்டிருக்கலாம். மாணவர்கள் கைமாற்றிக்கொள்ளும் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று அவர் எழுதியதாக இருக்கலாம். பீம்லைன் ஒன்றின் முதல் பயனாளர்களில் ஒருவராக இருந்து, அதிலிருந்த குறையைச் சுட்டித் திருத்த வைத்திருக்கலாம்.

ஆய்வகத்திலேயே எக்ஸ்ரே கருவி இருக்கும்போது வெளிநாட்டுக்கு ஏன் போக வேண்டியிருந்தது? விழாவுக்கு வரும் நிர்வாகத்தினருக்கு இதை விளக்க வேண்டும்.
— துணைப் பேராசிரியர், திருச்சி

மூன்று காரணங்கள் போதும். முதலாவது செறிவு. ஆய்வகக் கருவியில் பல மணி நேரம் எடுப்பது சின்க்ரோட்ரானில் சில நிமிடங்களிலோ நொடிகளிலோ முடிகிறது. இரண்டாவது, கற்றை மிக மெல்லியது; 10 மைக்ரான் படிகத்திலும் தரவு எடுக்கலாம். மூன்றாவது, அலைநீளத்தை விருப்பப்படி மாற்றலாம். செலினியம் அணு எக்ஸ்கதிரைத் திடீரென்று அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல் சுமார் 12.658 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அந்த விளிம்பையொட்டி அலைநீளத்தை வைத்தால், புரதத்தில் புகுத்திய செலினியம் அணுக்களே கட்டமைப்புக்கான சாவியைத் தருகின்றன. வெய்ன் ஹெண்ட்ரிக்சன் குழு 1990-இல் செலினோமெத்தியோனின் (செலினியம் கொண்ட அமினோ அமிலம்) வழியைக் காட்டிய பிறகு இதுவே வழக்கமாயிற்று. செப்புக் குழாயில் இதற்கு வழியே இல்லை.

எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை ஒட்டி வளையத்தில் சுற்றவிட்டு, காந்தத்தால் வளைக்கும்போது அவை சிந்தும் எக்ஸ்கதிர்தான் இது. பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள வளையத்தின் சுற்றளவு 844 மீட்டர். இந்தூரிலுள்ள இண்டஸ்-2 சுமார் 172 மீட்டர். 1970-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ரோசன்பாம், ஹோம்ஸ், விட்ஸ் மூவரும் பூச்சியின் பறப்புத் தசையை வைத்து இதை முதலில் செய்து பார்த்தார்கள். புரதப் படிகத்துக்கு வந்தது 1976-இல், ஸ்டான்ஃபோர்டில். அன்று துகள் இயற்பியலாளர்களுக்காக ஓடிய வளையத்தில் கிடைத்த நேரத்தில்தான் படிகவியலர்கள் வேலை பார்த்தார்கள்.

கார்மன் அளந்த 30 மெகாகிரே என்பது நடைமுறையில் என்ன? பீம்லைனில் நிற்கும் மாணவருக்கு அது எப்படி உதவும்?
— முனைவர் பட்ட மாணவர், சென்னை

கிரே என்பது ஒரு கிலோகிராம் பொருள் உறிஞ்சும் ஒரு ஜூல் ஆற்றல். மெகாகிரே அதன் பத்து லட்சம் மடங்கு. மனித உடல் முழுவதும் ஒரே நேரத்தில் நான்கைந்து கிரே பட்டால் உயிர் பிழைப்பதே கடினம். படிகத்துக்கோ மூன்று கோடி கிரே வரை போகிறோம். இந்த அளவுக்குத் தாங்குவதற்குக் காரணம் 100 கெல்வின் குளிர். அறை வெப்பநிலையில் அதே படிகம் பல பத்து மடங்கு குறைவான அளவிலேயே சிதைந்துவிடும்.

இதற்கு முன் ரிச்சர்ட் ஹெண்டர்சன் 1990-இல், எலக்ட்ரான் நுண்ணோக்கி அனுபவத்தை வைத்து 20 மெகாகிரே என்று மதிப்பிட்டிருந்தார். கார்மன் குழு ஃபெரிட்டின் படிகங்களை எடுத்தது. இரும்பு நிறைந்த ஃபெரிட்டின், இரும்பில்லாத ஃபெரிட்டின் இரண்டும் ஒரே மாதிரிப் படிகமாகும். உறிஞ்சும் ஆற்றல் மட்டும் வேறு. சிதைவைத் தீர்மானிப்பது உறிஞ்சிய ஆற்றல்தான் என்பதைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைப்பது அரிது. படிகம் சிதறடிக்கும் எக்ஸ்கதிர் டிடெக்டரில் பதிக்கும் புள்ளிகளின் மொத்தச் செறிவு தொடக்கத்தின் 70 சதவீதத்துக்கு இறங்கும் இடமே 30 மெகாகிரே. பாதியாகக் குறைவது 43-இல். அதைத் தாண்டினால் படிகம் காணாமல் போய்விடாது. ஆனால் அதிலிருந்து எடுக்கும் உயிரியல் தகவலை நம்ப முடியாது.

பீம்லைனில் நிற்கும்போது மனக்கணக்குக்கு ஒரு வழி: சுமார் 1 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், கன அணுக்கள் (உலோகம் போன்ற எடைமிக்க அணுக்கள்) இல்லாத சாதாரணப் படிகத்தில், ஒரு சதுர மைக்ரான் மீது விழுந்த ஃபோட்டான்களின் எண்ணிக்கையை 2000-ஆல் வகுத்தால் கிரே கிடைக்கும். நொடிக்கு ஒரு லட்சம் கோடி ஃபோட்டான் தரும் கற்றை 100-க்கு 100 மைக்ரான் பரப்பில் விழுகிறது என்று வையுங்கள். சதுர மைக்ரானுக்குப் பத்துக் கோடி. வகுத்தால் நொடிக்கு 50,000 கிரே. 30 மெகாகிரேயை எட்ட 600 நொடி, அதாவது பத்து நிமிடம் ஆகும். அதே கற்றையை 10-க்கு 10 மைக்ரானாகக் குவித்தால் நொடிக்கு 5 மெகாகிரே. ஆறே நொடியில் எல்லை முடிந்தது. நுண்கற்றை பீம்லைனுக்கு முதல்முறை போகிறவர்கள் பழைய பழக்கத்தில் முழுச் செறிவையும் திறந்துவிட்டு, முதல் சுற்றின் பாதியிலேயே படிகத்தை இழப்பது இதனால்தான். குறுக்கே தடுப்புத் தகட்டைப் போட்டு 5 அல்லது 10 சதவீதச் செறிவில் தொடங்குங்கள்.

சரியான கணக்குக்கு ராட்டோஸ்-3டி இருக்கிறது. படிகத்தின் நீள அகல உயரம், கற்றையின் அளவும் வடிவமும், செறிவு, ஆற்றல், சுழற்சிக் கோணம், அலகுக் கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டத்தின்) அளவு, அதிலுள்ள அமினோ அமிலங்களின் எண்ணிக்கை, கரைசலில் உள்ள கன அணுக்கள் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கேக்கோடைலேட் பஃபரில் (அமிலநிலை மாறாமல் காக்கும் கரைசலில்) ஆர்சனிக் இருக்கிறது. அது எக்ஸ்கதிரை வெகுவாக உறிஞ்சும். புரதத்தில் ஒரு கன அணுவும் இல்லை என்று நினைத்திருக்க, சுற்றியுள்ள கரைசலே படிகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். உறையவைக்கும் முன் வேறு பஃபருக்கு மாற்றிவிடுவது நல்லது.

30 மெகாகிரேக்கு வெகு முன்பே, புள்ளிகளில் எதுவும் தெரியாமல், புரதத்துக்குள் குறிப்பிட்ட இடங்கள் உடைகின்றன. உலோக அணுக்கள் எலக்ட்ரானை வாங்கி முதலில் மாறும். பிறகு டைசல்பைடு பாலங்கள் அறும். அடுத்து குளூட்டமேட், அஸ்பார்ட்டேட் ஆகிய அமினோ அமிலங்களின் கார்பாக்சில் தொகுதி கழன்று போகும். ஆகவே உலோக நொதியின் செயல்மையத்தைப் படிப்பவருக்கு 30 என்பது எல்லையே இல்லை. மிகச் சில மெகாகிரேயும் அவருக்கு அதிகம். ஒளிச்சேர்க்கையின் ஃபோட்டோசிஸ்டம்-2 புரதத்தில் மாங்கனீசுத் தொகுதி தரவு எடுக்கும்போதே மாறிவிடுகிறது என்று 2005-இல் தெரிந்த பிறகு அந்தத் துறையே தன் தரவுகளை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

உறையவைப்பதில் கற்றுத் தேர்ந்தவர் என்று எங்கள் ஐயாவைச் சொல்வார்கள். அவர் போன பிறகு யார் சொல்லித்தருவார்கள் என்ற கவலை இருக்கிறது. அடிப்படைச் செய்முறையையும் பிழைகளையும் எழுதித்தர முடியுமா?
— வாசகி, மதுரை

முதலில், உங்கள் ஐயாவை ஒரு நாள் கருவி முன்னால் நிறுத்தி, அவர் கைகளைக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வராத பல விஷயங்கள் விரல்களில் இருக்கின்றன. மற்றது இதோ.

படிகத்தைத் தொடும் முன், படிகமில்லாத தாய்க்கரைசலை (படிகம் வளர்ந்த கரைசலை) மட்டும் லூப்பில் எடுத்துக் குளிர் நைட்ரஜன் காற்றில் வையுங்கள். பால்போல் வெளுத்தால் பனி உருவாகிறது. கிளிசராலை 5 சதவீதப் படிகளாகக் கூட்டி, துளி கண்ணாடிபோல் தெளியும் அளவைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் 20-லிருந்து 25 சதவீதத்தில் தெளிந்துவிடும். கிளிசரால் ஒத்துவராவிட்டால் எத்திலீன் கிளைக்கால், பாலிஎத்திலீன் கிளைக்கால் 400 இருக்கின்றன. கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்: 3.90, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம் இடங்களில் வளையம் இருந்தால் பனி இருக்கிறது. கிளிசராலைச் சேர்க்கும்போது தண்ணீருக்குப் பதிலாகச் சேர்க்க வேண்டும். இருக்கும் தாய்க்கரைசலின் மேல் ஊற்றினால் உப்பும் வீழ்படிவாக்கியும் நீர்த்து, படிகம் கரையத் தொடங்கும். மிகச் சாதாரணமான பிழை இதுதான்.

லூப் படிகத்தின் அளவுக்கே இருக்கட்டும். பெரிய லூப்பில் சிறு படிகம் என்றால் சுற்றிலும் கரைசல் மிகுந்து பின்னணி இரைச்சல் ஏறும், குளிர்வதும் தாமதமாகும். உறைகரைசலில் முதலில் சில நொடிகள் மட்டும் தோய்த்துப் பாருங்கள். விரிசல் விட்டால், கிளிசராலைச் சிறு படிகளில் ஏற்றிக்கொண்டே மாற்றுங்கள்.

திரவ நைட்ரஜனில் அமிழ்த்தும்போது மெதுவாக இறக்கக் கூடாது. திரவத்தின் மேல் ஒரு குளிர்ந்த வாயு அடுக்கு நிற்கிறது. படிகம் அதைக் கடக்கும்போதே மெதுவாக உறைந்துவிடும். கார்னெல்லில் ராபர்ட் தோர்னின் குழு 2006-இல் இதைக் காட்டியது. அமிழ்த்துவதற்குச் சற்று முன் உலர்ந்த வாயுவை ஊதி அந்த அடுக்கை விலக்குங்கள். பாத்திரத்தை விளிம்புவரை நிரப்புங்கள். ஒரே வீச்சில் இறக்குங்கள்.

உறைந்த படிகம் மோசமான புள்ளிகளைத் தந்தால், குற்றம் படிகத்திலா உறைதலிலா என்று எப்படிச் சொல்வது? உறையாத படிகம் ஒன்றை அறை வெப்பநிலையில் எடுத்துப் பார்த்திருந்தால்தான் சொல்ல முடியும். கார்மன் தம் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது இதை. அறை வெப்பநிலையில் மொசைசிட்டி (படிகத்தின் உள் ஒழுங்கு குலைந்த அளவு) 0.2 பாகையாக இருந்து உறைந்தபின் 1 பாகைக்கு மேல் போனால் குற்றம் உறைகரைசலில். அறை வெப்பநிலையிலேயே கெட்டிருந்தால் படிகத்தை மறுபடி வளர்ப்பதே வழி. கிளிசராலை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை. உறைந்தபின் கெட்டதைச் சில சமயம் மீட்கலாம்: குளிர்காற்றை அட்டையால் ஓரிரு நொடி மறைத்து மறுபடி விடுவது ஒரு வழி, படிகத்தை உறைகரைசலில் திரும்பப் போட்டு மூன்று நிமிடம் விட்டு மறுபடி உறையவைப்பது இன்னொரு வழி. இரண்டுமே படிகத்தை அழித்துவிடவும் கூடும். உபரிப் படிகத்தில் முதலில் செய்யுங்கள்.

சின்க்ரோட்ரானுக்கு அனுப்பும் உலர் கலன் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் உள்சுவர் திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும். ஒருமுறை நிரப்பினால் போதாது. மட்டம் இறங்குவது நிற்கும் வரை மறுபடி மறுபடி நிரப்பி, ஓர் இரவு விட்டு, அனுப்பும் முன் மீதித் திரவத்தைக் கொட்டிவிட வேண்டும். திரவம் தளும்பாத கலன் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் ஏ152 விதிப்படி அபாயகரச் சரக்கில் சேராது. காலியாகவும் நிரம்பியும் எடைபோட்டு மூடியில் எழுதி வையுங்கள். 24 மணி நேரம் கழித்து எடை வழக்கத்தைவிட அதிகமாக இறங்கினாலோ, கழுத்தில் வியர்வை கட்டினாலோ வெற்றிடம் போய்விட்டது. அந்தக் கலனில் படிகம் அனுப்பாதீர்கள். விமான நிலைய எக்ஸ்ரே படிகத்தைக் கெடுக்குமா என்று பலர் கேட்கிறார்கள். அது மைக்ரோகிரே கணக்கு, கெடுக்காது. சுங்கத்தில் மூடியைத் திறந்து படிகத் தட்டை வெளியே எடுத்தால்தான் கெடும். வெளியே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கலன் நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்பதையும் அம்புக்குறியோடு ஒட்டுங்கள். படுத்துக் கிடந்தால் நைட்ரஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஓய்வுபெறுபவரின் அறையில் பெட்டி நிறையப் பழைய டேப்கள் இருக்கின்றன. தூக்கிப்போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
— ஆய்வகப் பொறுப்பாளர், பெங்களூரு

தூக்கிப்போடாதீர்கள். விழா மேடையில் போர்த்தும் பொன்னாடையைவிட இந்தப் பெட்டியைக் காப்பாற்றுவதே அவருக்குப் பெரிய மரியாதை என்று உறுதியாகச் சொல்வோம். பிடிபியில் இருப்பது முடிவு மட்டும். டேப்பில் இருப்பது டிடெக்டர் பார்த்த மூலப் படங்கள். அன்று தீர்க்க முடியாமல் கைவிட்ட படிகத்தை இன்றைய எக்ஸ்டிஎஸ், டயல்ஸ் போன்ற மென்பொருள்களால் தீர்க்க வாய்ப்புண்டு.

அளவு அஞ்சத்தக்கதாக இருக்காது. தொண்ணூறுகளின் ஏடிஎஸ்சி குவாண்டம்-4 டிடெக்டரில் ஒரு படம் சுமார் 10.6 மெகாபைட், ஒரு பாகைக்கு ஒன்றாக 180 படம் எடுத்தால் 2 கிகாபைட்டுக்குள். டிடிஎஸ்-2 டேப்பில் 4 கிகாபைட், டிடிஎஸ்-3 இல் 12. நூறு டேப் இருந்தாலும் இன்றைய ஒரே வன்தட்டில் அடங்கிவிடும்.

டேப்பை ஓட்டியில் நுழைக்கும் முன் எழுதுதடைத் தாழ்ப்பாளை நகர்த்துங்கள். முதல் ஓட்டத்திலேயே கோப்புகளைப் பிரிக்க முயலாதீர்கள். முழு டேப்பையும் அப்படியே வன்தட்டில் நகலெடுத்துக்கொண்டு, பிரிக்கும் வேலையை நகலில் செய்யுங்கள். பழைய டேப் இரண்டாவது ஓட்டத்தைத் தாங்கும் என்று உறுதியில்லை. நகலெடுத்த உடனேயே, நகல் பின்னாளில் கெடவில்லை என்று காட்டும் சரிபார்ப்புக் கூட்டெண்ணைக் கணித்து வையுங்கள்.

ஏடிஎஸ்சி படக் கோப்பின் முதல் 512 பைட் சாதாரண எழுத்துகள். அதில் தேதி, அலைநீளம், டிடெக்டர் தூரம், சுழற்சிக் கோணம், கற்றை மையம் எல்லாம் இருக்கும். கற்றை மையத்தை மட்டும் நம்பாதீர்கள். எக்ஸ், ஒய் இடம் மாறியிருப்பது சகஜம். சில நிலையங்களில் அந்த வாரம் யாரும் புதுப்பிக்காத பழைய எண்ணே கிடக்கும். மையம் ஒரு புள்ளி இடைவெளி அளவுக்குத் தவறினால் புள்ளிகளுக்கு எண்ணிடுவது சரியாக வந்ததுபோலவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தள்ளிப்போய், சமச்சீர் எதுவும் பொருந்தாது. சுழலச்சு எந்தத் திசை, டிடெக்டர் சாய்ந்திருந்ததா என்பவையும் தலைப்பில் இராது. இதற்குத்தான் ஆள் இருக்கும்போதே உட்கார வேண்டும். குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டேப்புக்கும் எந்தப் புரதம், எந்தப் படிகம், எந்த பீம்லைன், ஏன் கைவிட்டோம் என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

வெளியிட்ட கட்டமைப்புகளின் மூலப் படங்களை ஜெனோடோ, எஸ்பிகிரிட் தரவு வங்கி, புரத விளிம்பு விளைவுப் படங்களுக்கான மினோர் குழுவின் களஞ்சியம் ஆகியவற்றில் ஏற்றி, கிடைக்கும் டிஓஐ எண்ணை (நிலையான இணைய அடையாள எண்) பிடிபி பதிவோடு இணைக்கலாம். வெளியிடாதவற்றுக்கு அன்று தரவு எடுத்த மாணவர்களின் சம்மதம் வாங்குங்கள், உழைப்பு அவர்களுடையது.

இந்தியப் படிகவியலர்கள் எந்தச் சின்க்ரோட்ரான்களை நாடினார்கள்? தமிழ்நாட்டுத் தொடர்பு ஏதாவது உண்டா?
— பள்ளி ஆசிரியர், சிதம்பரம்

கிரெனோபிளின் பிஎம்14 பீம்லைன் சில ஆண்டுகள் இந்திய உயிர்த்தொழில்நுட்பத் துறையின் பங்களிப்போடு ஓடியது. இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரிலுள்ள எலெட்ரா சின்க்ரோட்ரானில் இந்தியக் கூட்டுறவில் அமைந்த எக்ஸ்ஆர்டி2 பீம்லைன் இருக்கிறது. உள்நாட்டில் இண்டஸ்-2 இல் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த பிஎக்ஸ்-பிஎல்21 புரதப் படிகங்களுக்கானது.

உங்கள் ஊரிலேயே தொடர்பு இருக்கிறது. 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், ரைபோசோமின் 30எஸ் கூறின் கட்டமைப்பை 2000-இல் வெளியிட்டபோது அதற்கான தரவு அமெரிக்காவின் புரூக்ஹேவன், ஆர்கோன் சின்க்ரோட்ரான்களில் எடுத்ததையும் உள்ளடக்கியது. 2009 நோபல் பரிசு அந்த வழியில் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-இல் தந்த, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் வரைபடமோ சின்க்ரோட்ரானுக்கு முந்தியது. ஆனாலும் எந்தச் சின்க்ரோட்ரானில் பிறந்த கட்டமைப்பும் அந்த வரைபடத்தில் தேறினால்தான் பிடிபிக்குள் மதிப்போடு நுழையும்.

நினைவுப் பரிசாக, அவர் கண்ட புரதத்தைக் கண்ணாடிக் கட்டிக்குள் செதுக்கித் தர நினைக்கிறோம். கவனிக்க வேண்டியது என்ன?
— முன்னாள் மாணவர்கள் குழு, புதுச்சேரி

நல்ல யோசனை. பிடிபி எண்ணைக் கொண்டு கைமேராஎக்ஸ் அல்லது பைமால் மென்பொருளில் திறந்து, நாடா வடிவத்தைத் தடிமனாக்கி, முப்பரிமாணக் கோப்பாக எடுத்துச் செதுக்குபவரிடம் கொடுங்கள். பதிவில் இயல்பாகத் திறப்பது படிகத்தின் அடிப்படை அலகு. புரதம் உயிரில் இரண்டாகவோ நான்காகவோ சேர்ந்து இயங்குவதாக இருந்தால், ‘உயிரியல் தொகுப்பு’ கோப்பைத் தேர்ந்தெடுங்கள். மாதிரிப் படம் வந்ததும் ஆல்ஃபா சுருள்கள் வலஞ்சுழியா என்று பாருங்கள். செதுக்கும் மென்பொருள் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடுவது உண்டு. இடஞ்சுழிச் சுருளை ஒரு படிகவியலர் பார்த்த நொடியில் கண்டுகொள்வார், சங்கடத்தோடு புன்னகைக்க வேண்டியிருக்கும். கட்டியின் அடியில் பிடிபி எண், பிரிதிறன், பீம்லைன், தரவு எடுத்த தேதி ஆகியவற்றைப் பொறியுங்கள். பதவிப் பெயர்களுக்கு அங்கே இடம் வேண்டாம்.

விழாவுக்குப் பேச்சாளர்களை அழைக்கும்போது துறைத்தலைவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். நள்ளிரவு ஷிஃப்டில் அவரோடு நின்ற பீம்லைன் ஊழியர் ஒருவரையாவது இணைய வழியில் பேச வையுங்கள்.

பரிசு வாங்கும் வேலைக்கு இடையே அவரது இரசாயன அலமாரியையும் மறந்துவிடாதீர்கள். கன அணுப் படிகவியல் செய்தவர் என்றால் பாதரசம், பிளாட்டினம், ஈயம் ஆகியவற்றின் உப்புகள் சிறு குப்பிகளில் இருக்கும். பல குப்பிகளில் பெயர்ச்சீட்டு மங்கியிருக்கும். அவர் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் புதுச் சீட்டு ஒட்டிப் பட்டியல் எடுங்கள். யுரேனைல் அசிட்டேட் இருந்தால் தனியே வைத்து, நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் எடையைக் குறித்துக் கையொப்பத்தோடு ஒப்படைக்க வேண்டும். அவரது கடைசி வேலை நாளுக்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.